40 லிட்டர் கடல்

கேள்வி: எங்கள் வீட்டில் ஒன்றரை அடி நீளமும் ஓரடி அகலமும் ஓரடி உயரமும் உள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருக்கிறது. இதுவரை அதில் கப்பி, மோலி என்ற நன்னீர் மீன்களை வளர்த்து வந்தோம். ராமேஸ்வரம் போய் வந்த நாள் முதல், கடல் மீன் வளர்க்க வேண்டும் என்று என் மகள் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். இந்தத் தொட்டியே போதுமா? மதுரை வெயிலை அந்த மீன்கள் தாங்குமா?
– வாசகர், திருநகர், மதுரை

பதில்: தொட்டி போதும், ஆனால் சிறிய தொட்டி என்பதால் வேலையும் சிறியது என்று எண்ணிவிட வேண்டாம். தாங்கள் சொல்லும் அளவில் 40 லிட்டர் கொள்ளும். கற்களும் மணலும் மேல்விளிம்பு இடைவெளியும் போக 33 லிட்டர் நீர்தான் மிஞ்சும். இவ்வளவு குறைந்த நீரில் எந்த மாற்றமும் சில மணி நேரத்திலேயே மீனைத் தொட்டுவிடும். நூறு லிட்டர் தொட்டி பொறுத்துக்கொள்ளும் தவற்றை இது பொறுக்காது.

வெயிலை மீன் தாங்குமா என்பதைவிட, வெயிலில் தண்ணீர் என்ன ஆகிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கடல்நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன. நீரின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் அது 1.025 என்று காட்டும். சித்திரை, வைகாசியில் மூடியில்லாத தொட்டியிலிருந்து, அதிலும் மின்விசிறி ஓடினால், நாளொன்றுக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை நீர் ஆவியாகிவிடும். நீர்தான் போகிறதே தவிர, உப்பு போவதில்லை. ஆகவே நாளுக்கு ஒரு லிட்டர் என்ற கணக்கில் நான்கு நாள் கவனிக்காமல் விட்டால், 35 கிராமாக இருந்த செறிவு 40 கிராமை எட்டிவிடும். குறைந்த அளவை உப்பில்லாத நல்ல நீரால் மட்டுமே நிரப்ப வேண்டும். நான் முதன்முதலில் தொட்டி வைத்த ஆண்டில், மட்டம் இறங்கிய போதெல்லாம் உப்புநீரையே ஊற்றிவந்தேன். ஒரே வாரத்தில் இறால்கள் எல்லாம் செத்த பிறகுதான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொட்டியின் வெளிப்பக்கத்தில் நீர்மட்டத்துக்கு ஒரு கோடு போட்டுக்கொண்டு, தினமும் காலையில் அந்தக் கோடு வரை நிரப்புவதே போதுமானது.

வெப்பநிலை 24 முதல் 27 டிகிரிக்குள் இருப்பது நல்லது. நீர்ப்பரப்பின் மேல் சாய்வாக ஒரு சிறு மின்விசிறியை வைத்தால் இரண்டு மூன்று டிகிரி குறையும். காற்றில் ஈரம் மிகுந்த தூத்துக்குடியைவிட, வறண்ட காற்று வீசும் நம்மூர்க் கோடையில் இந்த உபாயம் நன்றாகவே பலிக்கும். அதற்கு விலையாகத்தான் மேலே சொன்ன ஆவியாதல் கூடுகிறது. மாடியறையிலும் வெயில் விழும் சன்னலோரத்திலும் தொட்டியை வைக்காதீர்கள். நீர் சூடாகச் சூடாக அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறையும் என்பதால், மின்வெட்டு நேரத்துக்கு பேட்டரியில் ஓடும் காற்று பம்ப் ஒன்று கட்டாயம் கையில் இருக்க வேண்டும். ஹீட்டருக்கு மார்கழி இரவுகளில்கூட இங்கே பெரும்பாலும் வேலை இருக்காது.

பழைய தொட்டி என்பதால் ஒரு கேள்வியைத் தாங்களே கேட்டுக்கொள்ள வேண்டும்: கப்பிகளுக்கு நோய் வந்தபோது செம்பு கலந்த மருந்து ஊற்றினீர்களா? ஊற்றியிருந்தால், கண்ணாடிகளை ஒட்டிய சிலிக்கானில் அது தங்கியிருக்கக்கூடும். மீனுக்கு அதனால் பெரிய கேடில்லை. இறாலும் நத்தையும் துறவி நண்டும் பிழைக்கமாட்டா. இதே காரணத்தால் உப்பு கரைப்பதற்குச் செம்பு அண்டாவையும் பித்தளைக் குடத்தையும் பயன்படுத்தக் கூடாது. பிளாஸ்டிக் வாளியே சிறந்தது.

இன்னொன்றும் தங்கள் மகளுக்குச் சொல்லுங்கள். உப்பை மெல்ல மெல்லக் கூட்டிப் பழக்கினால், மோலி கடல்நீரிலேயே வாழும். புதிய தொட்டிக்கு அதைவிட மலிவான, உறுதியான முதல் குடித்தனக்காரர் கிடைப்பது அரிது.

கேள்வி: ராமேஸ்வரத்தை அடுத்த மண்டபம் ஊரில் உறவினர்கள் இருக்கிறார்கள். கேன்களில் கடல்நீரும், தொட்டியில் வைக்கப் பவளக்கற்களும் கொண்டுவரலாமா? இல்லையென்றால் தூத்துக்குடி உப்பையே கரைத்துக்கொள்ளலாமா?
– வாசகி, மேலூர்

பதில்: கற்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்: கொண்டுவரவே கூடாது. பாறை கட்டும் பவளங்கள், கடல் விசிறிகள், கடல்குதிரைகள் ஆகியவை 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. 2001 முதல் இந்தப் பாதுகாப்பு இருந்துவருகிறது. ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளைச் சூழ்ந்த பகுதி 1986-இல் கடல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. பவளக்கல்லைச் சுண்ணாம்புக்காக நெடுங்காலம் வெட்டியெடுத்ததும் சேர்ந்து, அத்தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கியே போயின. கரையில் ஒதுங்கிக் கிடக்கும் கல்தானே என்ற சமாதானமும் வேண்டாம். கடைகளில் கிடைக்கும், துளைகள் நிறைந்த உலர்ந்த செயற்கைக் கல் அதே வேலையைச் செய்யும்.

கடல்நீரைப் பொறுத்தவரை, கரையோரத்து நீரில் படகு எண்ணெயும் சாக்கடையும் கலந்திருக்கலாம். அதிலுள்ள நுண்ணுயிர்கள் கேனுக்குள் செத்து அழுகும். ஒருமுறை கொண்டுவந்துவிடலாம், வாரந்தோறும் நான்கு லிட்டர் மாற்ற வேண்டியதற்கு என்ன செய்வீர்கள்?

தூத்துக்குடி உப்பு சமையலுக்கு அருமையானது. ஆனால் உப்பளத்தில் உப்பு படிந்ததும், மெக்னீசியம் முதலானவை மிகுந்த எஞ்சிய நீரை வடித்துவிடுகிறார்கள். கால்சியத்தின் பெரும்பகுதியும் அதற்கு முன்பே வேறாகப் படிந்துவிடுகிறது. கையில் மிஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைடு மட்டுமே. ஆகையால் மீன்தொட்டிக்கென்றே விற்கும் கடல் உப்புக் கலவையைத்தான் வாங்க வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரையும், குளோரின் கலந்த குழாய் நீரையும் தவிர்த்து, ஆர்.ஓ. நீரில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை கரைத்து, சிறு பம்ப் ஒன்றை ஓடவிட்டு, ஒரு நாள் கழித்து அளந்து பார்த்த பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். மீன் இருக்கும் தொட்டிக்குள் நேராக உப்பைக் கொட்டுவது பெருந்தவறு.

கேள்வி: புதிதாக வாங்கிய உப்புநீர்த் தொட்டியில் அன்றே இரண்டு கோமாளி மீன்களை விட்டேன். நீர் கண்ணாடிபோல் தெளிவாக இருந்தும், ஐந்தாம் நாள் இரண்டும் இறந்துவிட்டன. காரணம் என்ன?
– வாசகர், உசிலம்பட்டி

பதில்: தெளிவான நீர் என்பது கண்ணுக்குத் தெரிகிற செய்தி, அம்மோனியா கண்ணுக்குத் தெரிவதில்லை. மீனின் கழிவிலிருந்தும் மிஞ்சிய தீனியிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை அதை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இவை கல்லிலும் மணலிலும் ஃபில்டர் பஞ்சிலும் குடியேறிப் பெருக, பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். கடல்நீரின் பிஎச் (அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) 8.1 முதல் 8.3 வரை இருப்பதால், அதே அளவு அம்மோனியா நன்னீரைவிட இங்கே கூடுதல் நஞ்சாகிறது. கப்பி போன்ற நன்னீர் மீன் வளர்ப்பில் தப்பித்துவிடும் தவறு இங்கே தப்பாது.

தாங்கள் மீண்டும் தொடங்கும்போது, மீன் இல்லாமலேயே எல்லாவற்றையும் ஓடவிட்டு, உரித்த பச்சை இறால் துண்டு ஒன்றை ஒரு சிறு வலைப்பையில் கட்டித் தொங்கவிடுங்கள். அது அழுகும்போது அம்மோனியா ஏறும், பிறகு இறங்கும், நைட்ரைட் ஏறி அதுவும் இறங்கும். சோதனை கிட்டில் இரண்டும் பூச்சியம் காட்டி, நைட்ரேட் மட்டும் தென்பட்டால், கொஞ்சம் நீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் புறப்படலாம். இடையில் கண்ணாடியிலும் மணலிலும் பழுப்பாக ஒரு பாசி படரும்; அதற்காகக் கலங்க வேண்டாம், சில வாரங்களில் தானே போய்விடும்.

தங்கள் தொட்டியும் 40 லிட்டர் போன்ற சிறியதென்றால், அதற்கு இரண்டு மீன்களே எல்லை. துணைக்கு இரண்டு மூன்று நத்தைகளும் ஓர் இறாலும் இருக்கலாம். ‘ஓசெல்லாரிஸ்’ எனப்படும் சிறிய கோமாளி மீனைக் கேட்டு வாங்குங்கள். ‘செபே’ வகை வளர்ந்தால் இத்தொட்டி கொள்ளாது. பண்ணையில் குஞ்சு பொரித்தவையா என்று விசாரியுங்கள். கடலில் பிடித்த மீன் பயணத்திலேயே பாதி தளர்ந்திருக்கும். கோமாளி மீனுக்குக் கடல் சாமந்தி (பூப்போல் தோன்றும் ஒரு கடல் உயிரினம்) வேண்டும் என்பதில்லை. இத்தனை சிறிய நீரில் சாமந்தி செத்தால் மற்றவற்றையும் சேர்த்துக் கொன்றுவிடும்.

ஆண், பெண் பார்த்து வாங்கவும் தேவையில்லை. இவை யாவும் முதலில் ஆணாகவே வளர்கின்றன. இரண்டில் பெரியது பின்னர் பெண்ணாக மாறிவிடும். ஒன்று சற்றுப் பெரியதும் மற்றது சிறியதுமாகக் கேளுங்கள். இரண்டும் ஒரே அளவில் இருந்தால், யார் பெரியவர் என்பது தீரும் வரை அடித்துக்கொள்ளும்.