கடன் வாங்கி அமெரிக்கா வேண்டாம், வாரம் ஒரு கட்டுரை எழுதட்டும்

டோக்கியோவில் ஆலோசகராக இருக்கும் என்னிடம் பக்கத்து சைதாமாவிலிருந்து ஒரு ஜப்பானிய அம்மா வந்தார். மகள் மேல்நிலைப் பள்ளியில் இரண்டாம் ஆண்டு. ஜப்பானில் பலரும் எழுதும் எய்கென் ஆங்கிலத் தேர்வில் ப்ரீ-1 நிலை தேறிவிட்டாள். அதற்கு மேலே இருப்பது முதல் நிலை மட்டும்தான். நன்றாக வாசிக்கிறாள், கேட்டால் புரிந்துகொள்கிறாள், பேசச் சொன்னால் மட்டும் தலையைக் குனிந்துகொள்கிறாள். கணவரின் அக்கா ஒரே பிடியாக நிற்கிறாராம்: ஒரு வருடம் அமெரிக்காவில் மொழிப் படிப்பு, திரும்பி வந்ததும் டோக்கியோவில் பெயர் பெற்ற தனியார் பல்கலைக்கழகத்தில் சர்வதேசத் துறை. "அனுப்பாவிட்டால் இத்தனை வருட ஆங்கிலமும் வீணாகிவிடுமா?" என்று கேட்டார் அந்த அம்மா.

வீணாகாது என்றேன். ஆறுதல் அதோடு முடிந்தது. அதற்கப்புறம் சொன்னதை இங்கே எழுதுகிறேன். டோக்கியோவில் இந்தியர் நிறைய வாழும் நிஷி-கசாய் பக்கம் பிள்ளைகளை ஜப்பானியப் பள்ளியில் சேர்த்திருக்கும் நம் குடும்பங்களுக்கும் இது உதவும்.

முதலில் பணம். 2022 தொடக்கத்தில் ஒரு டாலர் 115 யென் அளவில் இருந்தது. 2024-இல் 160-ஐத் தாண்டியது. அங்கே கட்டணம் ஒரு டாலர்கூட ஏறாமலே, இங்கே குடும்பம் எடுத்து வைக்கும் யென் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிட்டது. இதற்காகக் கடன் வாங்கப் போவதாகச் சொன்னார். வெறும் மொழிப் படிப்புக்குக் கடன் வாங்கவே கூடாது. பட்டமும் இல்லை, தொழிலும் இல்லை. கடன் மட்டும் நிற்கும்.

இரண்டாவது, மகளின் விருப்பம். அவளுக்குப் புவியியல் பிடிக்கும், ஊர்கள் எப்படிச் சுருங்குகின்றன என்று வரைபடம் வைத்துப் பார்ப்பவள். தேசியப் பல்கலைக்கழகங்களில் வழக்கமான ஆண்டுக் கட்டணம் 5,35,800 யென். 'சர்வதேச' என்ற பெயரைத் தாங்கிய தனியார் துறைகள் பலவற்றில் அதைப்போல் இரு மடங்குக்கு மேல். அத்தைக்குப் பிடித்த பெயருக்காக அவளைப் புவியியலிலிருந்து இழுத்து வராதீர்கள். ஆங்கிலம் அவளோடு எந்தத் துறைக்கும் போகும்.

ஆங்கிலத்தை எப்படி வளர்ப்பது? பேச்சு வகுப்பு, வேலைக்குக் கேட்கும் டோயிக் ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண் பற்றியெல்லாம் சொல்ல ஊரில் ஆள் இருக்கிறது. நான் சொல்வது எழுத்து, அதிலும் வாதம் செய்யும் கட்டுரை. எய்கென் முதல் நிலையின் முதல் கட்டத் தேர்வைப் பாருங்கள். வாசிப்பு, கேட்டல், எழுதுதல் மூன்றுக்கும் தலா 850 மதிப்பெண், மொத்தம் 2,550. வாசிப்பின் 850 முப்பத்தைந்து கேள்விகளில் பரவிக் கிடக்கிறது. எழுதுதலின் 850 இரண்டே விடைகளில் இருக்கிறது: 2024-இல் சேர்த்த 90 முதல் 110 சொல் வரையிலான சுருக்கம் ஒன்று, 200 முதல் 240 சொல்லில் ஒரு கட்டுரை. பிள்ளைகளோ சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதிலேயே இரவைக் கழிக்கிறார்கள்.

பள்ளியையும் முழுக்கக் குறை சொல்ல முடியாது. பல்கலைக்கழகப் பொதுத்தேர்வின் ஆங்கிலம் வாசிப்பும் கேட்டலும்தான், விடை வட்டத்தில் கறுப்படிப்பது. மேல்நிலைப் பள்ளி ஆங்கிலத்தில் 'தர்க்கமும் வெளிப்பாடும்' என்று 2022-இல் ஒரு பாடம் வந்தது. பல வகுப்புகளில் அந்த நேரமும் இலக்கணத்துக்கே போகிறது. ஜப்பானிய மொழிக் கட்டுரையில் சின்ன வயதிலிருந்து பழக்குவதோ வேறு: தொடக்கம், வளர்ச்சி, ஒரு திருப்பம், முடிவு, அதில் நான் என்ன உணர்ந்தேன் என்பது. அது அழகான வடிவம், குறையே இல்லை. ஆனால் ஆங்கில வாதக் கட்டுரையைத் திருத்துபவர் முதல் பத்தியிலேயே உங்கள் நிலை என்ன என்று தேடுகிறார். அது கடைசியில் வந்தால், நல்ல மாணவிக்கும் மதிப்பெண் குறைகிறது.

சரி, எப்படிப் பழகுவது? வாரம் ஒரு கட்டுரை, 40 நிமிடம். முதல் பத்து நிமிடம் எழுதக் கூடாது. தாய்மொழியிலேயே யோசித்து நிலையை ஒரே வாக்கியமாக்க வேண்டும். அவளுக்குப் பிடித்த பொருளையே எடுத்தேன். வடக்கே ஹொக்காய்தோ தீவில் ருமோய் ஊர் வரை போன ரயில் 2023 மார்ச்சோடு நின்றுவிட்டது. இப்படிப்பட்ட தடங்களை மூடலாமா? "பல கருத்துகள் உள்ளன, நாம் சிந்திக்க வேண்டும்" என்று அவள் முதலில் எழுதியதில் நிலையே இல்லை. கொஞ்சம் கிளறிக் கேட்டதும், "பேருந்து ஓட்டுநரே கிடைக்காத ஊரில் ரயிலை நிறுத்திப் பேருந்து விடுவது தீர்வாகாது" என்றாள். அதுதான் முதல் பத்திக்குப் போக வேண்டிய வாக்கியம்.

அப்புறம் மூன்று காரணங்கள். அதில் கவனம் வேண்டும். பொருளாதாரம், சுற்றுச்சூழல், கல்வி என்று எந்தத் தலைப்புக்கும் பொருந்தும் காரணங்களைப் பயிற்சி மையங்கள் மனப்பாடம் செய்ய வைக்கின்றன. தேர்வில் தேறலாம், சிந்தனை வளராது. வடிவம் கைக்கு வந்ததும், எதிர்த்தரப்பின் மிக வலுவான வாதத்தை நேர்மையாக எழுதி அதற்குப் பதில் சொல்லட்டும். மேல்நிலை மாணவருக்கு உண்மையான பயிற்சி அங்கேதான் தொடங்குகிறது.

எழுதியதை ஒரு இரவு தள்ளி வைத்து, மறுநாள் தானே திருத்த வேண்டும். ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் 'ஏ', 'தி' தேவையா, பன்மையா என்று பார்ப்பது தனிச் சுற்று. ஜப்பானிய மொழியில் இவை இல்லாததால் கண் தானாகப் பிடிக்காது. 'பிகாஸ்' என்று தொடங்கி அரைகுறையாக நிற்கும் வாக்கியங்களைத் தேடுவது இன்னொரு சுற்று. செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் இதற்கப்புறம்தான் காட்ட வேண்டும், அதுவும் பிழையைச் சுட்டிக்காட்ட மட்டும். மாற்றி எழுதித் தரச் சொன்னால் அந்த வாரப் பயிற்சி போயிற்று.

பள்ளியில் வெளிநாட்டு உதவி ஆசிரியர் இருப்பாரே, வெளிநாட்டு இளைஞர்களைப் பள்ளிகளுக்கு அழைத்து வர 1987-இல் தொடங்கிய அரசின் ஜெட் திட்டத்தில் வருபவர்களைப் போல. அவரை விளையாட்டுக்கும் உச்சரிப்புக்கும் மட்டும் பயன்படுத்துகிறோம். கட்டுரையைக் கொடுத்து, "எந்த இடத்தில் நம்ப முடியாமல் நின்றீர்கள்?" என்று மட்டும் கேட்கட்டும். செலவில்லாத உதவி.

பேச்சுக் கூச்சத்துக்கும் இதில் வழி உண்டு. முதல் நிலையின் இரண்டாம் கட்டம் நேர்காணல்: ஐந்து தலைப்புகளில் ஒன்றைத் தேர்ந்து, ஒரு நிமிடம் யோசித்து, இரண்டு நிமிடம் பேச வேண்டும். வாரந்தோறும் நிலை எடுத்து எழுதியவளிடம் சொல்வதற்கு விஷயம் இருக்கும். அவளுக்குக் குறைவது ஆங்கிலம் இல்லை, கையிருப்பில் ஒரு கருத்து.

இது வேலைக்கு உதவுமா என்றும் அந்த அம்மா கேட்டார். டோக்கியோ பங்குச் சந்தை 2025 ஏப்ரல் முதல் அதன் மேல்தட்டுப் பிரிவான பிரைம் சந்தையில் உள்ள நிறுவனங்கள் நிதி முடிவுகளையும் முக்கிய அறிவிப்புகளையும் ஆங்கிலத்திலும் ஒரே நேரத்தில் வெளியிட வேண்டும் என்று விதித்திருக்கிறது. அந்த வேலைக்கு வேண்டியது தெளிவாக எழுதத் தெரிந்தவர்கள். ஓராண்டு அமெரிக்காவில் இருந்தேன் என்ற வரி அதற்கு ஈடாகாது.

கோடையில் பல்கலைக்கழகங்கள் மாணவர்களைச் சுற்றிப் பார்க்க அழைக்கும் ஓப்பன் கேம்பஸ் நாட்களில் புவியியல் துறைகளுக்குப் போங்கள். கட்டடத்தைப் பார்ப்பதோடு, இளநிலை மாணவரின் ஆங்கிலக் கட்டுரையை உட்கார்ந்து பேசித் திருத்தும் எழுத்து மையம் உண்டா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள். டோக்கியோ பல்கலைக்கழகம் 2008 முதல் முதலாண்டு அறிவியல் மாணவர்களைத் தாங்களே சோதனை செய்து ஆங்கிலத்தில் ஆய்வுக் கட்டுரை எழுத வைக்கிறது. வாசேதா பல்கலைக்கழகத்திலும் எழுத்து மையம் இருக்கிறது. அப்படி ஏதாவது உள்ள இடங்களைப் பட்டியலில் மேலே வையுங்கள், அத்தை கேள்விப்படாத பெயராக இருந்தாலும்.