கடைக்கார அக்கா பதில்கள்: எந்தப் படத்துக்குக் காசு கொடுக்கலாம்?

(பினாங்கு மார்க்கெட் ஸ்திரீட்டில் 1983 முதல் 2008 வரை வீடியோ வாடகைக் கடையின் கல்லாவில் உட்கார்ந்திருந்தவர், வாசகர்களுக்குப் பதில் எழுதுகிறார். இம்முறை, வீட்டில் படம் வாங்கிச் சேர்ப்பது பற்றி வந்த கடிதங்கள்.)

கேள்வி: எங்களுக்குத் திருமணமாகி ஒரு வருடம் ஆகிறது. சின்ன வீடு. மாதம் ஐம்பது வெள்ளி (ரிங்கிட்) ஒதுக்கி நல்ல தமிழ்ப் படங்களாக வாங்கிச் சேர்க்க வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. 'தலைசிறந்த நூறு படங்கள்' என்று ஒரு பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறார். எல்லாம் கைப்பேசியிலேயே ஓடும்போது எதற்காக வாங்க வேண்டும் என்று கேட்கிறேன். யார் பக்கம் நியாயம்?
– வாசகி, பாயான் லெப்பாஸ்

பதில்: முதலில் அந்தப் பட்டியலைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள், தங்கச்சி. ஊரான் வீட்டு மளிகைச் சீட்டை வைத்துக்கொண்டு நம் வீட்டுக்குச் சாமான் வாங்க முடியுமா?

அப்பாவின் கடையில் சிவப்பு முதுகு வைத்த ஒரு பேரேடு இருந்தது. உறுப்பினர் எண், படத்தின் எண், எடுத்த தேதி, திருப்பிக் கொடுத்த தேதி. பத்தொன்பது வயதில் நான் கடைக்கு வந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வேலை, மாதக் கடைசியில் அதைக் கூட்டுவது. கூட்டக் கூட்ட ஒரு விஷயம் புரிந்தது. விருது வாங்கிய படத்தை எல்லோரும் ஒரு முறை எடுத்துப் போவார்கள். மறுநாள் கொண்டுவந்து, துக்க வீட்டில் பேசுவது போல் தணிந்த குரலில் 'நல்ல படம்' என்று சொல்லி மேசையில் வைப்பார்கள். அதே ஆள் அதே படத்தை இரண்டாம் முறை கேட்டதாகப் பேரேட்டில் ஒரு வரி இருக்காது.

எதிர்க்கரையில் உள்ள பிறை ஊரிலிருந்து லாரி ஓட்டுநர் ஒருவர் வருவார். அப்போது பாலம் கிடையாது, அது 1985-இல்தான் திறந்தது. பெர்ரி பிடித்து வந்து, ஒரு சாதாரண நகைச்சுவைப் படத்தைப் பதினொரு முறை எடுத்துப் போயிருக்கிறார். இரண்டு வெள்ளி வாடகை. இருபத்திரண்டு வெள்ளி ஆனதும் அப்பாவுக்கே மனம் கேட்கவில்லை. "தம்பி, நீயே வைத்துக்கொள்" என்று கேசட்டைக் கொடுத்துவிட்டார். அந்தப் படத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று நான் கேட்டேன். "படம் கிடக்கட்டும் தங்கச்சி, கல்யாணப் பந்தியில் சண்டை வரும் பாருங்கள், அந்த இடம்" என்றார்.

அன்றிலிருந்து நான் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்றுதான். வீட்டுக்கு வந்த விருந்தாளியை உட்காரவைத்து, 'இந்த ஓர் இடத்தை மட்டும் பாருங்கள்' என்று போட்டுக் காட்ட இந்தப் படத்தில் எனக்கு ஓர் இடம் இருக்கிறதா? இருந்தால் வாங்குவேன். யோசித்துத் தேடிப்பிடிக்க வேண்டியிருந்தால் வாங்கமாட்டேன்.

உங்கள் கட்சியிலும் பாதி நியாயம் இருக்கிறது. கைப்பேசியில் ஓடுகிற படத்தை அவசரப்பட்டு வாங்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தளங்கள் படத்தை உரிமைக் காலத்துக்குத்தான் எடுத்து வைத்திருக்கின்றன. காலம் முடிந்தால் இறக்கிவிடுவார்கள். கைப்பேசியில் 'வாங்கு' என்ற பொத்தானை அழுத்தினாலும் கிடைப்பது பார்க்கும் அனுமதிதான். ஆகவே இன்னொரு சோதனை: நாளைக் காலை அந்தப் படம் அங்கே இல்லையென்றால் உங்களுக்குக் கோபம் வருமா? கோபம் வந்தால் டிவிடி, ப்ளூ-ரே தட்டாக வாங்கி அலமாரியில் வையுங்கள். 'போனால் போகட்டும்' என்று தோன்றினால் உங்கள் ஐம்பது வெள்ளி மிச்சம்.

அந்த ஐம்பது வெள்ளியையும் மாதாமாதம் செலவழித்தே ஆக வேண்டும் என்று விதித்துக்கொள்ளாதீர்கள். அப்படி விதித்தால் இருபத்தெட்டாம் தேதி வந்ததும் எதையாவது வாங்கக் கை அரிக்கும். நான்கு மாதம் சேர்த்து ஒரு நல்ல பிரதி வாங்கலாம். கணவரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். நூறில் மூன்று படங்களுக்கு மேல் அவரே முழுதாகப் பார்த்திருக்கமாட்டார் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேள்வி: சென்னைக்குப் போயிருந்த உறவினர் ஆசையாக ஒரு ப்ளூ-ரே வாங்கி வந்தார். எங்கள் பெட்டியில் ஓடவே இல்லை. தட்டு பழுதா?
– வாசகர், செந்தூல்

பதில்: பழுதாக இருக்காது. ப்ளூ-ரேயில் உலகத்தை மூன்று வட்டாரமாகப் பிரித்திருக்கிறார்கள். மலேசியா ஏ, இந்தியா சி. எழுத்துப் பொருந்தாவிட்டால் பெட்டியில் தட்டு ஓடாது. டிவிடியில் நமக்கு எண் 3, அவர்களுக்கு 5. உறையின் பின்பக்கத்தில் சின்ன அடையாளப் படத்துக்குள் அந்த எழுத்தோ எண்ணோ இருக்கும். எல்லா வட்டாரத்துக்கும் என்று போட்ட தட்டுகளும் உண்டு, அவை ஓடும். 4கே ப்ளூ-ரே தட்டுகளில் இந்தப் பாகுபாடே கிடையாது. அடுத்த முறை உறவினர் அங்கே வாங்கும் முன் உறையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வாங்கி வந்தவரிடம் மட்டும் இதைச் சொல்லாதீர்கள், பாவம்.

கேள்வி: ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர் நான். பழைய படங்கள் பெரும்பாலும் விசிடியாக என்னிடம் இருக்கின்றன. அதே படங்களை மறுபடியும் டிவிடியிலோ ப்ளூ-ரேயிலோ வாங்குவது வீண் செலவுதானே?
– வாசகர், ஆயர் ஈத்தாம்

பதில்: ஐயா, உங்களிடம் இருப்பது முழுப் படம்தானா என்று முதலில் பாருங்கள்.

ஒரு விசிடியில் 74 முதல் 80 நிமிடம்தான் கொள்ளும். மூன்று மணி நேரப் படம் என்றால் 180 நிமிடம். இரண்டு தட்டில் அடக்க வேண்டுமானால் இருபது நிமிடத்தை எங்கேயோ விட்டுவிட வேண்டும். மூன்றாம் தட்டுப் போட்டவர்கள் யோக்கியர்கள். போடாதவர்கள் பாட்டில் கைவைத்தார்கள். இரண்டு தட்டு விசிடியை எடுத்துப் போன அம்மாக்கள் மறுநாள் என்னிடம் வந்து, "என் பாட்டு எங்கே?" என்று நகை தொலைந்தவர்கள் போல் கேட்பார்கள்.

அடுத்தது, படத்தின் அகலம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் படம் 1973-இல் வந்த 'ராஜராஜ சோழன்'. அதற்குப் பிறகு இப்படி அகலமாக எடுத்த படங்களைப் பழைய தொலைக்காட்சியின் சதுரத்துக்குப் பொருத்துவதற்காகப் பக்கங்களை வெட்டினார்கள். கணக்குப் போட்டால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேல் படம் காணாமல் போகிறது. அண்ணன் திட்டுவார், பதில் குரல் வரும், பதில் சொல்கிறவரின் மூக்கு நுனி மட்டும் ஓரத்தில் தெரியும். நாங்கள் அதையே படம் என்று நம்பி வருடக்கணக்காக வாடகைக்கு விட்டோம்.

அதற்கு முந்தைய படங்களுக்கு இப்போது நேர்மாறான துன்பம். அவை கிட்டத்தட்ட சதுரமாக எடுக்கப்பட்டவை. இன்றைய அகலத் தொலைக்காட்சி நிறைய வேண்டும் என்று மேலேயும் கீழேயுமாகக் கால் பங்கை அறுத்துவிடுகிறார்கள். வாங்குவதற்கு முன் ஒரு நடனக் காட்சியைப் போட்டுப் பாருங்கள். ஆடுகிறவரின் பாதம் தெரிந்தால் வாங்கலாம். சலங்கைச் சத்தம் மட்டும் கேட்டு, கால் முழங்காலோடு நின்றுவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இருபுறமும் கறுப்புப் பட்டை இருக்கிறதே என்று குறைப்படாதீர்கள், அந்தப் பட்டைதான் நல்ல அடையாளம்.

இன்னொன்றும் சொல்கிறேன். எங்கள் கடைக்கு ஒரு நாதஸ்வரக்காரர் வருவார். பழைய பாடல் ஒன்று ஓடிக்கொண்டிருந்தபோது காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "சுருதி ஏறியிருக்கிறதே" என்றார். அப்பா சிரித்தார். மனிதர் விடவில்லை. அரைக் கட்டைக்குக் கொஞ்சம்தான் குறைவு என்று சாதித்தார். பல வருடம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. திரையரங்கில் நொடிக்கு 24 படச் சட்டம் (பிரேம்) ஓடும். நம் நாட்டில் இருந்த 'பால்' (PAL) என்ற தொலைக்காட்சி முறைக் கேசட்டில் 25. நூற்றுக்கு நான்கு வேகம் கூடும், குரலும் அந்த அளவுக்கு ஏறும். மூன்று மணி நேரப் படம் ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். அந்த நாதஸ்வரக்காரரிடம் மன்னிப்புக் கேட்க அப்பாவும் இல்லை, அவரும் இல்லை.

தெளிவைப் பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. நம் டிவிடியில் விசிடியைப் போல் நான்கு மடங்கு புள்ளிகள், ப்ளூ-ரே அதற்கும் மேலே. ஆனால் தேய்ந்த பிரதியிலிருந்து எடுத்தால் ப்ளூ-ரேயிலும் கீறல்தான் தெளிவாகத் தெரியும். உறையில் 'டிஜிட்டல்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதற்கு ஒரு மதிப்பும் கிடையாது. 1964-இல் வந்த 'கர்ணன்' 2012-இல் புதுப்பிக்கப்பட்டுத் திரையரங்குகளில் மறுபடி ஓடியது. அப்படி யாராவது மெனக்கெட்டுப் புதுப்பித்த படமென்றால் இரண்டாம் முறை காசு கொடுங்கள். மற்றவற்றுக்கு உங்கள் விசிடியே போதும். பாட்டு முழுதாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரே தட்டில் நான்கு படம், ஐந்து வெள்ளி. வாங்கினால் என்ன?
– வாசகர், கிள்ளான்

பதில்: நான்கு பேரை ஒரே மோட்டார் சைக்கிளில் ஏற்றினால் எப்படி இருக்கும்? வண்டி ஓடும், யாரும் சௌகரியமாக உட்கார்ந்திருக்கமாட்டார்கள். அந்தத் தட்டும் அப்படித்தான்: நடனம் வந்தால் கட்டம் கட்டமாக உடையும், இருட்டுக் காட்சியில் சேறு. அசல் தட்டின் உறையில் மினுங்கும் ஹாலோகிராம் ஒட்டியிருக்கும், அதைத் தேடுங்கள். கள்ளத்தனமாகத் தட்டு அடிப்பதைத் தடுக்கத்தான் 2000-இல் தனிச் சட்டமே வந்தது. உபதேசம் செய்ய எனக்கு யோக்கியதை குறைவு. எண்பதுகளில் எங்கள் கடையில் கேசட் ஓட்டும் பெட்டிகள் இரண்டை வயரால் இணைத்து இரவெல்லாம் என்ன செய்தோம் என்பது எனக்கும் அப்பாவுக்கும் தெரியும்.

கேள்வி: நம் நாட்டுத் தமிழ்ப் படங்களைக் காசு கொடுத்து வாங்கும் அளவுக்குத் தரம் இருக்கிறதா?
– வாசகர், ரவாங்

பதில்: கேள்வியிலேயே ஓர் ஏளனம் தெரிகிறது. 'ஜகாட்' 2015-இல் வந்தது. மறு வருடம் மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதைப் பெற்றது. அதற்குப் பத்து வருடம் முன்பே 'செம்மண் சாலை' தோட்ட வாழ்க்கையை அவசரமில்லாமல் காட்டியது. தரம் பற்றி நாம் சண்டை போடலாம், அது வேறு. ஆனால் நான் மேலே எழுதிய விதியை இங்கே கொஞ்சம் தளர்த்துகிறேன். சென்னையில் எடுத்த பெரிய நடிகரின் படம் இன்றில்லாவிட்டால் அடுத்த வருடம் கிடைக்கும். நம் ஊரில் எடுத்த சின்னப் படத்தைக் குறைந்த எண்ணிக்கையில்தான் வெளியிடுவார்கள். என் கடையில் இருந்த உள்ளூர்க் கேசட்டுகளில் ஒன்று தொலைந்தால் இன்னொன்று வாங்க எனக்கு வழியே இருந்ததில்லை. முறையான பிரதி கண்ணில் பட்டால் உடனே வாங்குங்கள். பிடிக்கிறதா என்று பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: தட்டுகளில் வெள்ளைப் பூஞ்சை படிகிறது. என்ன செய்வது?
– வாசகி, தஞ்சோங் பூங்கா

பதில்: கடற்கரைக் காற்று, வேறென்ன? வெளிச்சுவரை ஒட்டி அலமாரி போடாதீர்கள். தட்டை நடுவிலிருந்து விளிம்புக்கு நேர்க்கோடாகத் துடையுங்கள், அம்மியில் அரைப்பது போல் வட்டமாகத் தேய்க்கக் கூடாது. பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று.

கேள்வி: அப்பா காலமாகி மூன்று மாதம் ஆகிறது. நூற்றுஅறுபது வீடியோ கேசட்டும் தட்டும் விட்டுப் போயிருக்கிறார். எல்லாவற்றையும் வீசிவிடலாம் என்கிறார் அண்ணன். எதை வைத்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. எனக்குச் சினிமாவும் அவ்வளவாகத் தெரியாது.
– வாசகி, சுங்கை பட்டாணி

பதில்: சினிமா தெரிய வேண்டாம், அம்மா. அண்ணனிடம் ஒரு மாதத் தவணை மட்டும் கேளுங்கள்.

பெயர் ஒட்டாத கேசட்டுகளை முதலில் தனியே எடுத்து வையுங்கள். உங்கள் காதுகுத்தோ அத்தையின் கல்யாணமோ அதில் இருக்கலாம். எங்கள் கடைக்கே தவறுதலாக அப்படிப்பட்ட கேசட்டுகள் திரும்பி வந்திருக்கின்றன. அவற்றைக் கணினிக்கு மாற்றும் வேலையைத் தள்ளிப்போடாதீர்கள். நாடாவுக்கு வயதாகிறது, கேசட் ஓட்டும் பெட்டி தயாரித்துவந்த கடைசி ஜப்பானிய நிறுவனமும் 2016-இல் நிறுத்திவிட்டது. பழைய பெட்டி வைத்திருப்பவர் யாரையாவது பிடியுங்கள்.

பிறகு படங்கள். எங்கும் கிடைக்கிற படங்களை, அப்பா அதிகம் தொடாதவையாக இருந்தால், கொடுத்துவிடலாம். அவர் தொட்டது எது என்று கண்டுபிடிப்பது எளிது. உறையின் மூலை மழுங்கியிருக்கும், அட்டை வெளுத்திருக்கும். என் கடையில் எந்தப் படம் அதிகம் போகிறது என்று அறியப் பேரேட்டைத் திறக்கவே வேண்டாம், அலமாரியை ஒரு முறை பார்த்தால் போதும்.

இன்னும் ஒன்று. ரீவைண்ட் செய்யாமல் கேசட்டைத் திருப்பித் தருகிறவர்களுக்கு நான் ஐம்பது காசு அபராதம் போடுவேன். அந்தக் கேசட்டை நானே சுற்ற உட்காரும்போது, முதலில் ஒரு நிமிடம் ஓடவிட்டுப் பார்ப்பது என் கெட்ட பழக்கம். அந்த மனிதர் எந்த இடத்தில் எழுந்து போனார் என்று தெரிந்துவிடும். உங்கள் அப்பாவின் கேசட்டுகளில் சின்னக் கண்ணாடி வழியாகச் சக்கரங்களைப் பாருங்கள். நாடா முழுவதும் இடப்பக்கம் சுற்றியிருந்தால் தொடக்கத்தில் இருக்கிறது. நடுவில் நிற்கிற கேசட் இருந்தால் யாரும் அதைச் சுற்றிவிட வேண்டாம். அப்படியே பெட்டியில் போட்டு, அவர் நிறுத்திய இடத்திலிருந்து பாருங்கள். அண்ணனையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.