வயலின் பொன்னிறம் படத்தில் வெளுத்துப் போவது ஏன்?

தஞ்சாவூர்ப் பக்கம் குறுவை அறுப்பு நேரத்தில், சாயங்காலம் எடுத்த வயல் படமெல்லாம் சாம்பல் பூத்த மாதிரி வருகிறது, கண்ணால் பார்த்த தங்க நிறம் எங்கே போனது என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேமரா பழுதில்லை, கவலைப்படாதீர்கள். படத்தின் நிறச் சமநிலையைக் கேமரா தானாகவே சரிசெய்யும் 'ஆட்டோ ஒயிட் பேலன்ஸ்'தான் காரணம். மாலை வெயிலின் மஞ்சளை அது குறையென்று எண்ணி, நீலம் கலந்து 'சரி' செய்துவிடுகிறது. ஒயிட் பேலன்ஸை டேலைட்டில் வையுங்கள், சுமார் 5500 கெல்வின் (ஒளியின் நிறத்தைக் குறிக்கும் அளவு). மஞ்சள் இன்னும் கூட வேண்டுமானால் கிளவுடியில் வையுங்கள். ரா ஃபைலாக, அதாவது கேமரா திருத்தாத மூலப் பதிவாக எடுத்தால் நிறத்தைப் பிறகும் மாற்றலாம்.

இன்னொன்று: சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்து எடுத்ததாகச் சொன்னீர்கள். அப்படி எடுத்தால் வயல் தட்டையாகத்தான் தெரியும். மேற்கே திரும்பி, வரப்பில் குத்துக்கால் போட்டு, கதிர் உயரத்துக்குக் கேமராவை இறக்கிப் பாருங்கள். வெயில் கதிருக்குப் பின்னாலிருந்து வரும்போது ஒவ்வொரு நெல்மணியின் ஓரமும் விளக்கேற்றியதுபோல் எரியும். நெல் இலையில் இருக்கும் மெல்லிய சுணை கூடத் தெரியும். எனக்கு அந்த ஒரு காட்சிக்காகவே ஐப்பசி பிடிக்கும். வானம் வெளுக்காமலிருக்க எக்ஸ்போஷரை, அதாவது கேமரா வாங்கும் ஒளியின் அளவை, முக்கால் ஸ்டாப் (ஒளியளவின் படி) குறையுங்கள்.

அக்டோபர் நடுவில் அங்கே 5.55 வாக்கில் சூரியன் மறைந்துவிடும். 5 மணிக்கே போய் நில்லுங்கள். அறுவடை மெஷின் ஓடினால் விடாதீர்கள், அது கிளப்பும் தூசிதான் ஒளியைப் பிடித்துக் காட்டும். வயல்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, வரப்பிலேயே நடங்கள். சாய்ந்த பயிரை மிதித்தால் மணி உதிர்ந்துவிடும்.