நலத்திட்டப் பணத்தை ஊர் மக்களிடமே கொடுத்தால் குடும்ப வன்முறை குறையுமா?

குறையும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் யார் கையில் கொடுக்கிறோம் என்பதைப் பொறுத்தது.

சேலத்திலிருந்தே உதாரணம் சொல்கிறேன். பெண் சிசுக்கொலையைத் தடுக்க, வேண்டாத குழந்தையைக் கொல்லாமல் அரசு வைத்த தொட்டிலில் விட்டுச் செல்ல வழி செய்யும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-ல் இங்கேதான் தொடங்கியது. அதனால் குழந்தைகள் பிழைத்தார்கள், அதைக் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் பெற்றவளை அந்த முடிவுக்குத் தள்ளிய வரதட்சணைப் பயமும் மாமியார் வீட்டு நெருக்கடியும் தொட்டிலால் தீர்வதில்லை. தொட்டில் கடைசி நொடியில்தான் வருகிறது. அதற்கு முன்பே அந்தக் கதவைத் தட்டக்கூடியவர்கள் அங்கன்வாடி ஊழியரும், கிராம சுகாதார செவிலியரும், சுய உதவிக் குழுவில் இருக்கும் பக்கத்து வீட்டு அக்காவும்தான். (தமிழ்நாட்டில் அந்தக் குழுக்கள் அரசுத் திட்டமாக 1989-ல் முளைத்ததும் பக்கத்துத் தர்மபுரியில்தான்.)

ஏற்காட்டை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் உதவி எண்ணான 181-க்கு எந்நேரமும் போன் செய்யலாம், 2005-ம் ஆண்டுக் குடும்ப வன்முறைச் சட்டப்படி நீதிமன்றத்தில் பாதுகாப்பு ஆணையும் கேட்கலாம். சரி, ராத்திரி அடிபட்ட காப்பித் தோட்டத் தொழிலாளி கைக்குழந்தையோடு 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கிச் சேலம் வருவது எப்படி? நடந்து போகும் தூரத்தில் ஓர் இரவு தங்க இடம், கூட வர ஓர் ஆள், ஒரு வாரக் கூலி அளவுக்குக் கைச்செலவு, இவைதான் அவளுக்கு அப்போது வேண்டும். அதற்கான நிதி மலையிலேயே இருக்க வேண்டும்.

‘சமூகம்’ என்றால் ஊர்ப் பெரியவர்கள் என்று மட்டும் எடுத்துக்கொள்ளாதீர்கள். அனுசரித்துப் போம்மா என்று அடித்தவனிடமே திருப்பி அனுப்பிவிடுவார்கள். பணமும் முடிவும் பெண்கள் குழுவிடம் இருக்கட்டும். கணக்கைக் கிராம சபையில் வைக்கலாம், உதவி பெற்றவள் பெயர் மட்டும் வெளியே வரக் கூடாது.