1998-இல் வந்த 'ரிங்கு' படத்தை இப்போது பார்த்தாலும் பயம் வருமா?

கேள்வி இதுதான்: "ஜப்பானியப் பேய்ப் படமான 'ரிங்கு'வை எல்லோரும் அவ்வளவு புகழ்கிறார்களே, இத்தனை வருடம் கழித்துப் பார்த்தாலும் உண்மையிலேயே பயமுறுத்துமா?"

பயமுறுத்தும். ஆனால் தூக்கிவாரிப் போடுகிற காட்சிகளை எதிர்பார்த்து உட்கார்ந்தால் முதல் ஒரு மணி நேரம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். ரத்தம் கிடையாது, இருட்டிலிருந்து பாய்ந்து வரும் உருவம் கிடையாது. சுமார் 95 நிமிடப் படத்தில் பேய் நம் எதிரே வந்து நிற்பது ஏறக்குறைய முடியும் நேரத்தில்தான். அதற்குள் பயம் சத்தமில்லாமல் ஏறியிருக்கும், படம் முடிந்த பிறகும் இறங்காது. நான் பார்த்த பேய்ப் படங்களில் எனக்கு மிகவும் பிடித்தது இது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். முடிவைத் தொடாமல் இந்தப் படத்தின் பயத்தை விளக்க முடியாது. பார்க்காதவர்கள் படத்தைப் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.

கதை எளிமையானது. ஒரு வீடியோ கேசட் இருக்கிறது. அதைப் பார்த்து முடித்ததும் போன் அடிக்கும். சரியாக ஏழு நாளில் பார்த்தவர் செத்துப்போவார். பள்ளிப் பிள்ளைகளிடையே சுற்றும் இந்த வதந்தியை விசாரிக்கும் டிவி நிருபர் ரெய்கோ, தன் அக்கா மகளே அப்படித்தான் இறந்தாள் என்று தெரிந்துகொள்கிறாள். தேடிப்போய் கேசட்டைத் தானும் பார்த்துவிடுகிறாள். விவாகரத்தான கணவர் ரியூஜியிடம் உதவி கேட்கிறாள், அவரும் பார்க்கிறார். அப்புறம், யாரும் எதிர்பாராத ஒரு ராத்திரியில், அவர்களுடைய சின்னப் பையனும் பார்த்துவிடுகிறான்.

கோஜி சுசுகி 1991-இல் எழுதிய நாவலில் அந்த நிருபர் ஆண். படத்தில் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகஹாஷியும் இயக்குநர் ஹிதேயோ நகாதாவும் அவரைத் தனியாகப் பிள்ளை வளர்க்கும் தாயாக மாற்றினார்கள். கடைசிக் காட்சியின் கனம் முழுக்க இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் அந்த கேசட். ஓடுவது கொஞ்ச நேரம்தான். ஒரு பெண் கண்ணாடி முன் தலை வாருகிறாள். கண்ணாடி திடீரென்று இடம் மாறுகிறது, அதில் இன்னொருத்தி தெரிந்து மறைகிறாள். எரிமலை வெடிப்பைக் குறிக்கும் எழுத்துகள் திரையில் ஊர்கின்றன. மனிதர்கள் தரையில் தவழ்கிறார்கள். தலையில் துணி போர்த்திய ஒருவர் எதையோ சுட்டிக்காட்டுகிறார். ஒரு கண். ஒரு கிணறு. அவ்வளவுதான். இதில் எதுவும் தனியாகப் பார்த்தால் பயங்கரமில்லை. பயமாக்குவது, இதை யாரோ எடுத்திருக்க முடியாது என்ற எண்ணம். தலை வாரும் பெண்ணுக்கு நேர் எதிரே கேமரா இருந்தால் கண்ணாடியில் கேமராவும் தெரிய வேண்டும், தெரியவில்லையே என்று ரியூஜி ஒரு இடத்தில் யோசிப்பார். அதைக் கேட்டபோதுதான் எனக்கு முதலில் முதுகு சில்லிட்டது. அப்படியானால் இந்தப் படத்தைப் பிடித்தது எது?

டெக் என்ற வீடியோ பிளேயரை வாடகைக்கு எடுத்துப் படம் பார்த்த காலத்தில் வளர்ந்தவர்களுக்கு இது இன்னும் ஆழமாக உறைக்கும். நம் வீடுகளில் பேர் எழுதாத கேசட் ஒன்றாவது கிடக்கும். கல்யாண வீடியோவா, பாதி அழிந்த சினிமாவா என்று போட்டுப் பார்த்தால்தான் தெரியும். காப்பி எடுத்ததிலிருந்து காப்பி எடுத்து, முகங்கள் கலங்கி, கோடு கோடாக ஓடும் படம். அந்தக் கலங்கலை அப்படியே பயமாக மாற்றியிருக்கிறார் நகாதா. கேசட்டையே தொட்டிராத இன்றைய பிள்ளைகளுக்கு இந்த நினைவு இருக்காது என்பது உண்மைதான். ஆனால் எங்கிருந்து வந்தது, யார் எடுத்தது என்று தெரியாத வீடியோ கைபேசியில் வந்து விழும் காலத்தில் இருக்கிறோம். அந்த சந்தேகம் அவர்களுக்கும் புரியும்.

அடுத்து சத்தம். இசை கென்ஜி கவாய். பெரும்பாலான பேய்ப் படங்களில் இசையே முந்திக்கொண்டு 'இப்போது பயப்படு' என்று சொல்லிவிடும். இங்கே நீண்ட நேரம் ஒன்றுமே கேட்காது. வீட்டுக்குள் இருக்கும் சாதாரண ஓசைகள்தான். அதன் நடுவில் உலோகத்தை உலோகத்தால் தேய்ப்பது போன்ற ஒரு கிறீச்சொலி மெல்ல எழும்பும். தொடக்கக் காட்சியையே எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பள்ளிப் பெண்கள் பேசிச் சிரிக்கிறார்கள். போன் அடிக்கிறது, இருவரும் உறைந்து நிற்கிறார்கள், எடுத்தால் வெளியே போயிருக்கும் அம்மா. அப்பாடா என்று மூச்சு விடுகிறோம். தோழி அந்தப் பக்கம் போனதும் டிவி தானாக ஓடத் தொடங்குகிறது, அதில் பேஸ்பால் ஆட்டம். அந்தப் பெண் அதை அணைக்கிறாள். பிறகு தன் பின்னால் எதையோ உணர்ந்து திரும்புகிறாள். அவள் முகம் மட்டும் தெரிகிறது, அவள் பார்த்தது நமக்குத் தெரியவில்லை. படம் நெகட்டிவ் போல வெளுத்து நின்றுவிடுகிறது. அவள் என்ன பார்த்தாள் என்ற கேள்வியை நம் தலையில் ஏற்றிவிட்டு, பதிலைக் கடைசி வரை தர மறுக்கிறார் இயக்குநர்.

நடுப்பகுதியில் எனக்குக் குறை உண்டு. ரெய்கோவும் ரியூஜியும் தடயம் தேடி ஓஷிமா தீவுக்குப் போகிறார்கள். அங்கே ரியூஜிக்கு இருக்கும் அமானுஷ்ய சக்தியால், ஒருவரைத் தொட்டதும் பழைய சம்பவம் கண்முன் ஓடுகிறது. விசாரணை தானாக அவிழ வேண்டிய இடத்தில் இது குறுக்கு வழி. முதல்முறை பார்ப்பவர்கள் சலிப்படைவதும் இங்கேதான்.

ஆனால் அந்தப் பகுதியில் வரும் பழங்கதைக்கு நிஜ வேர் இருக்கிறது. ஷிசுகோ என்ற பெண் மிஹாரா எரிமலை வெடிக்கப் போவதை முன்கூட்டியே சொல்கிறாள். ஒரு பேராசிரியர் அவளை மேடையேற்றிச் சோதனை காட்டுகிறார். கூடியிருந்த பத்திரிகையாளர்கள் மோசடி என்று கூச்சலிடுகிறார்கள். அவமானம் தாங்காமல் அவள் உயிரை விடுகிறாள். அவளுடைய மகள்தான் சடாகோ, இந்தப் படத்தின் பேய். 1910-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தின் துணைப் பேராசிரியர் தோமோகிச்சி ஃபுகுராய், சிசுகோ மிஃபுனே என்ற பெண்ணை வைத்து இதே போன்ற சோதனைகளை அறிஞர்கள் முன்னிலையில் நடத்தினார். ஏமாற்று வேலை என்ற பேச்சு கிளம்பியது. அடுத்த ஆண்டே அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தாள். மிஹாரா எரிமலையும் கற்பனை இல்லை. 1986-இல் அது வெடித்தபோது ஓஷிமா தீவின் மக்கள் அனைவரையும் வெளியேற்றினார்கள். 1998-இல் திரையரங்கில் உட்கார்ந்திருந்த ஜப்பானியருக்கு அது பன்னிரண்டு வருடச் செய்தி. கட்டுக்கதையின் அடியில் இப்படித் தெரிந்த நிலம் இருந்தால் பயம் வேறு விதமாகப் பிடிக்கும்.

இனி கிணறு. சடாகோவைத் தலையில் அடித்துக் கிணற்றில் தள்ளி மூடியிருக்கிறார்கள். ரெய்கோவின் ஏழாவது நாள், நேரம் நெருங்குகிறது. இருவரும் அந்தக் கிணற்றைக் கண்டுபிடித்து, வாளி வாளியாகத் தண்ணீரை இறைக்கிறார்கள். கடைசியில் ரெய்கோவின் கையில் எலும்புக்கூடு அகப்படுகிறது. அவள் அலறவில்லை. அந்த மண்டையோட்டைப் பிள்ளையைப் போல நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறாள். கெடு தாண்டிவிட்டது, அவள் சாகவில்லை. நமக்கும் கண் கலங்குகிறது. அநியாயமாகச் செத்த பெண்ணின் எலும்பு வெளியே வந்துவிட்டது, அவள் ஆறிவிட்டாள், கதை முடிந்தது.

நமக்கு, தமிழ் ரசிகர்களுக்கு, இந்த இடம் ரொம்பப் பழக்கமானது. நம் பேய்க் கதைகளில் பேய்க்கு ஒரு வழக்கு இருக்கும். யாரோ ஏமாற்றினார்கள், யாரோ கொன்றார்கள். உண்மை வெளியே வந்து, தப்பு செய்தவன் தண்டனை பெற்றுவிட்டால் பேய் அடங்கிவிடும். வெள்ளைப் புடவை, அவிழ்ந்த கூந்தல் என்று மோகினியின் தோற்றம்கூட சடாகோவுக்குத் தூரமில்லை. நீதி கேட்டு வருகிறவள் என்பதால் ஒரு கட்டத்துக்கு மேல் நாம் பேயின் பக்கமே சாய்ந்துவிடுவோம். 'ரிங்கு' இந்த நம்பிக்கையை முழுசாக வளரவிட்டு, அப்புறம்தான் பிடுங்குகிறது.

மறுநாள் பகல் வெளிச்சம். ரியூஜி தன் அறையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறார். டிவி தானாக ஓடுகிறது. திரையில் அதே கிணறு. ஆனால் இந்த முறை காட்சி வெட்டுப்படாமல் நீள்கிறது. கிணற்றிலிருந்து ஒரு கை, பிறகு தலை, பிறகு முழு உருவம். முகம் தெரியாமல் முடி தொங்க, மூட்டுகள் கழன்றது போல வெட்டி வெட்டி நடந்து வருகிறது. சடாகோவாக நடித்த ரியே இனோவைப் பின்னோக்கி நடக்க வைத்து எடுத்து, அதைத் தலைகீழாக ஓட்டியிருக்கிறார்கள். காரணம் தெரிந்த பிறகும் அந்த நடையைப் பார்க்க வயிற்றைப் பிசைகிறது. உருவம் திரையின் விளிம்புக்கு வருகிறது. நிற்கும் என்று நினைக்கிறோம். நிற்கவில்லை. கண்ணாடியைத் தாண்டி, அறையின் தரையில் கையை ஊன்றுகிறது. அந்த விரல்களில் நகமில்லை. கிணற்றுச் சுவரில் ஏற முயன்று பெயர்ந்த நகங்களை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம்.

முகத்தைக் கடைசி வரை காட்டுவதில்லை, முடிக்கு நடுவே ஒரே ஒரு கண் மட்டும். டிவியிலிருந்து வெளியே வரும் இந்தக் காட்சி நாவலிலேயே கிடையாது, படத்துக்காகச் சேர்த்தது. நாமும் அந்த நேரத்தில் ஒரு திரைக்கு எதிரேதான் உட்கார்ந்திருக்கிறோம். திரைக்கும் நமக்கும் நடுவில் இருக்கிற தூரம்தான் நம் பாதுகாப்பு, அதையே உடைத்துவிட்ட காட்சி இது. பின்னால் எத்தனையோ படங்கள் இதைக் காப்பியடித்தும் கேலி செய்தும் தேய்த்துவிட்டன. தனியாக இணையத்தில் பார்த்தால் சிரிப்புகூட வரலாம். ஒன்றரை மணி நேர அமைதிக்குப் பிறகு பார்த்துச் சொல்லுங்கள்.

அவள் ஆறவில்லை. அவளுக்கு நியாயம் தேவையே இல்லை. ரெய்கோ பிழைத்தது எலும்பை எடுத்ததால் இல்லை, அந்தக் கேசட்டைக் காப்பி எடுத்து ரியூஜிக்குக் காட்டியதால். இன்னொருவருக்குக் கடத்திவிட்டால் நீ பிழைப்பாய். 'இதைப் படித்தவர் இத்தனை பேருக்கு எழுதி அனுப்பாவிட்டால் வீட்டில் துக்கம் நேரும்' என்று ஒரு காலத்தில் நம் வீடுகளுக்குத் தபால் கார்டு வருமே, அதே விதி. கிழித்துப் போட்டுவிட்டு ராத்திரி முழுக்க யோசித்தவர்கள் எத்தனை பேர்!

பையனுக்கு இன்னும் கெடு இருக்கிறது. ரெய்கோ வீடியோ பிளேயரைக் காரில் ஏற்றிக்கொண்டு தன் அப்பாவின் வீட்டுக்குப் புறப்படுகிறாள். பேரனைக் காப்பாற்றத் தாத்தா அதைப் பார்க்க வேண்டும். போனில் அவள் குரல் எவ்வளவு சாதாரணமாக இருக்கிறது பாருங்கள். நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன் என்று தோன்றிய நொடியில் எனக்கு உண்டான பயம், சடாகோவைப் பார்த்தபோது உண்டானதைவிடப் பெரியது. நல்லவளான ஒரு தாயையே அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணியாக்கிவிட்டது படம். பிள்ளை பெற்றவர்கள் பார்த்தால் இந்தக் காட்சி இன்னும் கடுமையாகத் தாக்கும்.

2002-இல் வந்த அமெரிக்க ரீமேக்கைப் பற்றியும் பலர் கேட்கிறார்கள். கோர் வெர்பின்ஸ்கி இயக்கம், நவோமி வாட்ஸ் நடிப்பு. மோசமான படம் இல்லை. ஆனால் செத்தவர்களின் முகத்தைக் கோரமாக ஒப்பனை செய்து காட்டுகிறது, எல்லாவற்றையும் விளக்குகிறது. விளக்கம் கூடக்கூட எனக்குப் பயம் குறைந்துபோனது. முதலில் ஜப்பானிய மூலத்தைப் பாருங்கள், தமிழிலோ ஆங்கிலத்திலோ டப்பிங் வேண்டாம், சப்டைட்டிலோடு பாருங்கள். ராத்திரியில், முடிந்தால் தனியாக, கைபேசியை வேறு அறையில் வைத்துவிட்டு. நடுவில் நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் அந்த அமைதி கலைந்துவிடும்.

அதே நாளில் ஜோடியாக வெளியான 'ராசென்' என்ற தொடர்ச்சியை உடனே தேடிப் போக வேண்டாம். அது எல்லாவற்றுக்கும் விஞ்ஞான விளக்கம் சொல்லப் பார்க்கும். ஜப்பானிலேயே எடுபடாததால்தான் அதைக் கணக்கில் எடுக்காமல் 1999-இல் நகாதாவை வைத்து 'ரிங்கு 2' எடுத்தார்கள். இந்தப் படம் பிடித்துப்போனால் அடுத்ததாக நகாதாவே 2002-இல் இயக்கிய 'டார்க் வாட்டர்' பாருங்கள். அதிலும் ஒரு தாயும் குழந்தையும்தான், கூரையில் பரவும் ஈரக்கறையை வைத்தே பயமுறுத்தியிருப்பார்.