கோவையிலிருந்தே பின்னிஷ் தேர்வு எழுத முடியுமா?

கேள்வி: கணவருக்கு பின்லாந்தின் எஸ்போ நகரில் மென்பொருள் வேலை. நானும் குழந்தையும் கோவையில் இருக்கிறோம். குடும்ப அடிப்படையில் வசிப்பு அனுமதி கேட்கப் போகிறோம். ஒன்றரை வருடமாக ஆன்லைனில் பின்னிஷ் மொழி படிக்கிறேன். பி1 நிலை மொழிச் சான்றிதழை இங்கேயே வாங்கிக்கொண்டு போக முடியுமா?

பதில்: முடியாது. இந்தியாவில் அதற்குத் தேர்வு மையம் கிடையாது. ஆன்லைனிலும் எழுத முடியாது. இப்போதைக்கு உங்களுக்கு அது தேவையும் இல்லை. குடும்ப அடிப்படையிலான முதல் வசிப்பு அனுமதிக்கு மிக்ரி, அதாவது பின்லாந்துக் குடிவரவுத் துறை, மொழிச் சான்று கேட்பதில்லை.

நீங்கள் சொல்லும் பி1, 'யூகி' என்னும் தேசிய மொழித் தேர்வில் 3ஆம் நிலை. 3, 4 இரண்டும் நடுநிலைத் தேர்வில், அதாவது நடுத்தர மட்டத் தேர்வில், வருபவை. அதைப் பெரும்பாலும் கேட்பது குடியுரிமைக்கு. அதற்குப் பொதுவாக 8 ஆண்டுகள் அங்கே வசித்திருக்க வேண்டும். அதனால் போய்ச் சேர்ந்து, நகராட்சி வழியாகக் கிடைக்கும் இலவசக் குடியேற்றப் பயிற்சியில் படித்துவிட்டு எழுதுவதுதான் புத்திசாலித்தனம். விமானச் செலவு மிச்சம்.

வேலை தருபவர் முன்கூட்டியே சான்று கேட்கிறார் என்றால் நேரில் போய்த்தான் எழுத வேண்டும். அப்போது வரிசை மாறக்கூடாது: முதலில் தேர்வு இடம், பிறகு விசா, கடைசியில் டிக்கெட்.

சிக்கலே இடம் பிடிப்பதில்தான். பின்லாந்து தேசியக் கல்வி முகமையின் தளத்தில் முன்பதிவு திறக்கும் நேரம் பின்லாந்தில் காலை 10 மணி. நம் கடிகாரத்தில் கோடையில் பகல் 12.30, குளிர்காலத்தில் 1.30; மார்ச், அக்டோபர் கடைசி ஞாயிறுகளில் இது மாறும். பின்னிஷ் நடுநிலைத் தேர்வின் இடங்கள், முக்கியமாக ஹெல்சின்கி வட்டாரத்தில், சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். எனவே சின்ன ஊர் மையங்களையும் முன்பே குறித்து வையுங்கள். பின்லாந்து வங்கியின் இணைய அடையாளம் இல்லாதவர்கள் மின்னஞ்சலில் வரும் லிங்க் வழியாகப் பதியலாம். குறித்த கெடுவுக்குள் கட்டணம் கட்டாவிட்டால் பிடித்த இடம் போய்விடும்; கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை முன்பே திறந்து வையுங்கள். நம்மவர்கள் வழக்கமாக மாட்டிக்கொள்வது இனிஷியலில்: பாஸ்போர்ட்டில் பெயர் எப்படி விரிந்திருக்கிறதோ, ஒரு எழுத்து மாறாமல் அப்படியே பதியுங்கள். தேர்வறையில் அந்தப் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள்.

இடம் உறுதியானதும் அதை உறுதிசெய்யும் கடிதத்தை வைத்து ஷெங்கன் விசா, அதாவது ஐரோப்பாவுக்கான குறுகியகால விசா, கேளுங்கள். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்து 15 நாள் முன்புவரை விண்ணப்பிக்கலாம். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில நேரம் 45 நாள்கூட ஆகும். 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடும் வேண்டும். முடிவுகள் வர ஏறக்குறைய இரண்டு மாதம் ஆகும் என்பதால் முகவரிக் கட்டத்தில் கணவரின் எஸ்போ முகவரியைக் கொடுங்கள்.

இன்னொரு வழியும் உண்டு. பின்லாந்து அரசுப் பணி மொழித் தேர்வின் 'திருப்திகரம்' நிலையை, தேர்வு நடத்தும் ஒருவரிடம் நேரடியாகப் பேசி, ஆண்டில் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். பத்து மணிப் போட்டி இல்லை. குடியுரிமைக்கு மிக்ரி இதையும் ஏற்கிறது. வேலை தருபவர் ஏற்பாரா என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள்.

ஆன்லைனில் படித்தவர்கள் சறுக்குவது இலக்கணத்தில் அல்ல, கேட்பதில். பாடநூலில் 'மினா ஓலேன்' (நான் இருக்கிறேன்) என்று இருப்பது தெருவில் 'மா ஓன்' ஆகிவிடும். வானொலி கேட்டுப் பழகுங்கள். நடுநிலைப் பேச்சுத் தேர்வில் எதிரே ஆள் இருக்கமாட்டார். ஹெட்போன் மாட்டிக்கொண்டு மைக்கில் பேச வேண்டும், பக்கத்தில் இருப்பவர்களின் குரலும் காதில் விழும். கொடுத்த விநாடிகளுக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்த கேள்வி வந்துவிடும். இதை வீட்டிலேயே போனில் பதிவுசெய்து பழகலாம்.

மதிப்பெண்ணில் சந்தேகம் இருந்தால், முடிவு தெரிந்த 14 நாளுக்குள் மறுமதிப்பீடு கேட்க வேண்டும். தபால் எஸ்போவுக்கு வருவதால், உறையை அன்றைக்கே பிரித்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.