ஸ்கூட்டித் தவணைக்காக வளரும் அடகுச் சீட்டு

கேள்வி: நாங்கள் ஆரையம்பதி. மகள் வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படிக்கிறாள். முதலில் பஸ்ஸில்தான் போய்வந்தாள். செவ்வாயும் வியாழனும் ஆய்வுகூட வகுப்பு முடிய ஆறு மணியாகிவிடும். இருட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறாளே என்ற பயத்தில் 14 மாதத்துக்கு முன் பாவித்த ஸ்கூட்டி ஒன்றை 480,000 ரூபாய்க்கு எடுத்தோம். முற்பணம் 150,000க்கு என் காப்புகளையும் சங்கிலியையும் அடகு வைத்தோம். வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை. மிச்சம் 330,000 லீசிங், 36 மாதம், தவணை 13,842. மகளுக்கு மாதம் வரும் மகாபொலப் புலமைப்பரிசில் 7,500இல் ஏறக்குறைய 7,000 தவணைக்குப் போகிறது. மற்றப் பாதிக்கு மூன்று மாதத்துக்கு ஒருக்கா அடகைப் புதுப்பித்து மேலதிகமாகக் காசு எடுக்கிறோம். தங்கம் விலை ஏறியிருப்பதால் வங்கியில் தருகிறார்கள். சீட்டில் இப்போது 295,000 நிற்கிறது. கணவர் மேசன் வேலை, நான் இடியப்பம் அவித்துக் கொடுக்கிறேன். வீட்டுச் செலவும் பெற்றோலும் போக மிஞ்சுவதில்லை. ஸ்கூட்டியை 430,000க்கு ஒருவர் கேட்கிறார். என் தம்பியோ, இதைக் கொடுத்துவிட்டு முற்பணம் இல்லாமல் லீசிங்கில் எலக்ட்ரிக் ஸ்கூட்டி எடுக்கச் சொல்கிறான். என்ன செய்யலாம்?

பதில்: சகோதரி, மகளின் பாதுகாப்பை நினைத்து எடுத்த முடிவு இது. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. கடன் வட்டிக்குத்தான் வரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். உங்களை விழுத்திக்கொண்டிருப்பது மூன்று மாதத்துக்கு ஒருக்கா வங்கிக்குப் போய் அதே நகையின் மேல் இன்னும் கொஞ்சம் எடுக்கும் பழக்கம். அது நின்றால்தான் மற்றது எதையும் சரிசெய்யலாம்.

சீட்டில் உள்ள 295,000ஐப் பிரித்துப் பாருங்கள். முதலில் எடுத்தது 150,000. பிறகு மாதம் சுமார் 7,000 வீதம் 14 மாதத்துக்கு 98,000. இரண்டும் சேர்த்து 248,000. மீதி 47,000 ரூபாய் முழுவதும் வட்டி. புதுப்பிக்கும்போது வட்டியைக் கையால் கட்டாமல் புதிய அடகுத் தொகையில் கழித்துக்கொள்ள விட்டீர்கள். அதனால் வட்டிக்கும் வட்டி ஏறியது. லீசிங் முடிய இன்னும் 22 மாதம். இதே மாதிரிப் போனால், என் கணக்கில், கடைசித் தவணை கட்டும் நாளில் அடகுச் சீட்டில் 590,000 ரூபாய் அளவில் நிற்கும். ஸ்கூட்டி அன்றைக்கு உங்கள் பெயருக்கு வந்துவிடும், நகை வராது.

வங்கி தருகிறதே என்று நினைக்காதீர்கள். தங்கம் ஏறும் வரைக்கும் தரும். 2013இல் உலகச் சந்தையில் விலை விழுந்தபோது புதுப்பிக்கப் போனவர்களுக்குப் பழைய தொகை கிடைக்கவில்லை. வித்தியாசத்தைக் கையிலிருந்து கட்டச் சொன்னார்கள், கட்ட முடியாத நகை ஏலத்துக்குப் போனது. லீசிங்கில் மாதம் பிறந்தால் தொலைபேசி அடிக்கும். அடகில் மாதாமாதம் யாரும் கூப்பிடமாட்டார்கள், மாதத் தவணை என்று ஒன்றும் கிடையாது. அதனால்தான் அந்தக் கடன் வீட்டில் யார் கண்ணிலும் படாமல் இவ்வளவு வளர்ந்திருக்கிறது.

லீசிங்கின் நிலை இன்னும் மோசம். உங்களிடம் சொல்லப்பட்டது "வருடம் 17 வீதம்" என்பதாக இருக்கும். 330,000க்கு மூன்று வருட வட்டி 168,300, கூட்டி 36ஆல் பிரித்தால் உங்கள் தவணை சரியாக வருகிறது. ஆனால் அந்த வட்டி கட்டி முடித்த முதலுக்கும் சேர்த்தே போடப்பட்டது. குறைந்து வரும் மீதிக்குக் கணக்குப் பார்த்தால் வருடம் 29 வீதத்துக்குக் கிட்ட வரும். இதுவரை 194,000 அளவில் கட்டிவிட்டீர்கள். கடனின் முதல் தொகையில் குறைந்திருப்பது 96,000 மட்டும்தான். இன்னும் 234,000 அளவு முதல் நிற்கிறது.

இனி ஸ்கூட்டி உண்மையில் எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்று பார்ப்போம். ஆரையம்பதியிலிருந்து கல்லடிப் பாலம் தாண்டி, நகரத்துக்கூடாக ஏறாவூர், செங்கலடி கடந்து வந்தாறுமூலை போய்வர 46 கிலோமீற்றர் வரும். ஓடித் தேய்ந்த ஸ்கூட்டி லீட்டருக்கு 45 ஓடினாலே நல்லது. லீட்டர் 300 ரூபாய் என்று வைத்தால் நாளைக்கு 300, மாதம் 20 நாளைக்கு 6,000. இரண்டு பஸ் மாறிப் போய்வர 280 ரூபாய் என்றால் மாதம் 5,600. பெற்றோல் காசிலேயே பஸ் கட்டணம் முடிந்து 400 ரூபாய் மிஞ்சுகிறது. இதற்கு மேலே மாதம் ஆயிரம் கிலோமீற்றர் ஓட்டத்துக்கு எஞ்சின் ஒயில், பிரேக் சூ, பின் டயர், பெல்ட் எல்லாவற்றையும் சராசரியாக்கினால் 1,500. லீசிங் வாகனத்துக்கு முழுக் காப்புறுதி கட்டாயம். அதோடு வருமான அனுமதிப்பத்திரம், புகைப் பரிசோதனை சேர்த்து வருடம் 18,000 என்று பிடித்தால் அதுவும் மாதம் 1,500. ஆக, 13,842 தவணையும் இந்த 3,000 ரூபாயும் செவ்வாய், வியாழன் இரண்டு மாலைகளுக்காகப் போகிற காசு. அந்த இரண்டு மாலைகளுக்கு வேறு வழி தேட வேண்டும், அது பெரிய காரியமல்ல.

விற்றுவிடுங்கள். எலக்ட்ரிக்குக்கு மாறுவதற்காக அல்ல, முழுதாக வெளியே வருவதற்காக. லீசிங் நிறுவனத்திடம் முற்கூட்டித் தீர்க்கும் தொகையை எழுத்தில் கேளுங்கள். எந்தத் திகதி வரை அது செல்லும் என்பதும் அதில் இருக்க வேண்டும். வட்டித் தள்ளுபடியும் தீர்வுக் கட்டணமும் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். 255,000 அளவில் வரும் என்று வைத்துக் கணக்குப் போடுகிறேன். 300,000க்குக் கிட்டச் சொன்னால் எதிர்கால வட்டியைத் தள்ளவில்லை என்று அர்த்தம். தொகையைப் பிரித்துக் காட்டக் கேளுங்கள். மறுத்தால் மத்திய வங்கியின் 1935 இலக்கத்தில் முறையிடலாம்.

430,000இல் 255,000 போனால் கையில் 175,000. அதை வீட்டுக்குக் கொண்டுவராமல் அன்றைக்கே அடகுக்குக் கட்டினால் சீட்டு 120,000க்கு இறங்கும். பிறகு மகாபொலவில் 5,000, பராமரிப்பில் மிஞ்சும் 1,500, ஆக மாதம் 6,500 கட்டினால் 22 மாதத்தில் நகை முழுவதும் வீட்டுக்கு வரும். மகாபொல தாமதித்தால் ஒன்றிரண்டு மாதம் கூடலாம். 590,000 கடனோடு நிற்க இருந்த அதே 22 மாதம்தான். மகளுக்கும் மாதம் 2,500 அவள் கையில் நிற்கும். 2025 வரவு செலவுத் திட்டத்தில் மகாபொலவை 5,000இலிருந்து 7,500 ஆக உயர்த்தியது அவளுடைய படிப்புக்கு. திகதி தப்பாமல் கட்ட வேண்டிய தவணையை, வரும்போது வருகிற காசில் கட்டுவதாக நம்பி ஒப்பமிட்டது முதலிலேயே சரியில்லை.

அடகு கவுண்டரில் ஒரு காரியம் செய்யுங்கள். 175,000ஐக் கட்டும்போது காப்புக்கு ஒரு சீட்டு, சங்கிலிக்கு ஒரு சீட்டு என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். எல்லாம் ஒரே சீட்டில் இருந்தால் கடைசி ரூபாய் கட்டும் வரை ஒன்றும் திரும்பாது. பிரித்தால் சிறிய பொருள் சில மாதத்திலேயே வந்துவிடும். கட்டுகிற மனமும் தளராது. மாதாமாதம் பகுதிக் கொடுப்பனவைப் பெரும்பாலான இடங்களில் ஏற்பார்கள். ஒவ்வொரு தடவையும் வட்டிக்கு எவ்வளவு, முதலுக்கு எவ்வளவு என்று ரசீதில் பாருங்கள். புதுப்பிக்கும் திகதி வந்தால் வட்டியைக் காசாகக் கட்டுங்கள். "மேலதிகமாக இவ்வளவு எடுக்கலாம்" என்று அவர்களாகவே சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாருங்கள்.

விற்கும்போதுதான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். "மிச்ச லீசிங்கை நான் கட்டுறன், காசைப் பிடியுங்கோ, வாகனத்தைத் தாங்கோ" என்று ஒருவர் வருவார். கொடுத்தால் கடன் உங்கள் வீட்டுப் பெயரிலேயே நிற்கும். அவர் இரண்டு தவணை தவறினால் கடன் தகவல் பணியகத்தின் (கிரிப்) பதிவில் கடன்காரருக்கும் பிணை ஒப்பமிட்டவருக்கும் கறை விழும். வெற்று மாற்றப் படிவத்தில் ஒப்பமிட்டுக் கொடுக்கும் திறந்த பேப்பர் வியாபாரமும் அப்படித்தான். விபத்து நடந்தால் பொலிஸ் உங்கள் வாசலுக்கு வரும். வாங்குபவரையும் கூட்டிக்கொண்டு லீசிங் கிளைக்கே போங்கள். தீர்வுத் தொகையை அவர் நேரே அங்கே கட்டட்டும், மீதியை உங்கள் வங்கிக் கணக்கில் போடட்டும். பதிவுப் புத்தகத்தில் முழு உரிமையாளராக நிறுவனத்தின் பெயர் இருக்கும். அதை நீக்கும் கடிதம் கைக்கு வந்த பிறகு உரிமை மாற்றப் படிவத்தை முழுதாக நிரப்பி ஒப்பமிடுங்கள். கைமாறியதை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு அறிவித்த பிரதி ஒன்றும் உங்களிடம் இருக்கட்டும்.

அதுவரை விலை குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கெம்பஸில் நாள் முழுக்க வெயிலில் நிறுத்தினால் சீட் வெடிக்கும், பிளாஸ்டிக் வெளுக்கும். வாங்க வருபவர் முதலில் கையை வைப்பது அங்கேதான். நிழல் கிடைக்காவிட்டால் சீட்டை மட்டுமாவது மூடச் சொல்லுங்கள். கடைத்தெரு ஓரத்தில் விட்டுவிட்டுப் பஸ் ஏறுவது வேண்டாம். தெரிந்த வீட்டு வளவுக்குள் நிறுத்தட்டும். இரண்டாவது சாவி வீட்டில் பத்திரமாக இருக்கட்டும். களவு போனால் காப்புறுதிக்காரர் இரண்டு சாவியையும் கேட்பார்கள். உப்புக் காற்றில் சைலன்சரும் நட்டும் துருப்பிடிக்கும், வாரத்துக்கு ஒருக்கா நல்ல தண்ணியால் கழுவினால் போதும். விற்கும் வரை வண்டி வேறு யார் கைக்கும் போகக்கூடாது, தம்பி கைக்கும்தான்.

தம்பியின் யோசனை அக்கறையில் வந்தது என்றே எடுத்துக்கொள்கிறேன். ஆனால் ஒப்பம் போடப் போவது நீங்கள். முற்பணம் இல்லை என்றால் முழு விலைக்கும் வட்டி என்று பொருள். விளம்பரத்தில் சொல்லும் தூரம் மெல்ல ஓடும் ஒற்றை ஆளுக்கானது. தினமும் 46 கிலோமீற்றர் ஓடினால் ஈய அமில பற்றரி ஒன்றரை, இரண்டு வருடத்தில் தளரும். லித்தியம் இன்னும் கொஞ்சம் நிற்கும். நாலு வருட லீசிங் முடிகிற காலத்தில் பற்றரிக்கும் காசு தேட வேண்டிவரும். பெற்றோல் செலவு மிஞ்சுவது உண்மை. அது கையில் காசு வைத்து வாங்குபவருக்கு லாபம். அடகை மீட்காத வீட்டுக்கு இன்னொரு 29 வீதம் தாங்காது.

இப்போது பஸ். இலங்கைப் போக்குவரத்துச் சபையின் (இ.போ.ச.) பருவச்சீட்டு மாணவர்களுக்குச் சலுகை விலையில் கிடைக்கும். பீடத்தில் உறுதிப்படுத்திய படிவம், மாணவர் அடையாள அட்டை, படம் மூன்றையும் கொண்டு டிப்போவில் கேட்க வேண்டும். ஆரையம்பதியிலிருந்து மட்டக்களப்பு, அங்கிருந்து வந்தாறுமூலை என்று இரண்டு பாதை இருப்பதால் ஒரே சீட்டில் அடங்குமா என்று முதலிலேயே விசாரியுங்கள். தனியார் பஸ்ஸில் இது செல்லாது. ஆகவே மகள் போகும் நேரத்துக்கு இ.போ.ச.வின் சிவப்பு பஸ் வருகிறதா என்று ஒரு வாரம் பார்த்துக் குறித்துவிட்டு எடுங்கள். இல்லாவிட்டால் பருவச்சீட்டும் டிக்கெட்டும் என்று இரண்டு செலவாகும். படிப்பு விடுமுறை, பரீட்சை முடிந்த இடைவெளி வரும் மாதங்களுக்கு எடுக்க வேண்டாம்.

செவ்வாய், வியாழன் இரவுகளுக்குச் செங்கலடியில் அறை எடுத்திருக்கும் தோழிகளோடு வாரம் இரண்டு இரவு தங்கலாம். வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி, அறை வாடகையில் மாதம் 1,500 பங்கு கொடுங்கள். காப்புறுதிக்கும் அனுமதிப்பத்திரத்துக்கும் போன அதே தொகை. பங்கு கொடுக்காமல் தங்கினால் ஒரு மாதத்தில் முகம் மாறும். அது சரிவராவிட்டால், ஆரையம்பதி, காத்தான்குடி, கல்லடிப் பக்கத்திலிருந்து அதே ஆய்வுகூட வகுப்புக்கு வரும் ஏழெட்டுப் பிள்ளைகள் சேர்ந்து அந்த இரண்டு மாலைக்கு மட்டும் ஒரு வான் பேசலாம். மாதக் கணக்காகப் பேசாமல் ஓட்டக் கணக்காகப் பேசுங்கள், காசை ஓடிய பிறகு கொடுங்கள். வகுப்பு நடக்காத வாரத்துக்கும் கட்டணம் கேட்பதால்தான் மாணவர் வான்கள் பாதியில் குழம்புகின்றன. அடுத்த வருடத்துக்கான விடுதி விண்ணப்பம் கோரும்போது தூரத்தையும் வருமானத்தையும் காட்டிப் போட மறக்க வேண்டாம். கிராம சேவகரின் வருமானச் சான்றிதழை இப்போதே எடுத்து வையுங்கள்.

430,000க்குக் கேட்பவர் மாறிவிட முன், இந்த வாரமே லீசிங் கிளைக்குப் போய்த் தீர்வுத் தொகைக் கடிதத்தை எடுங்கள். அடுத்த தவணை கட்டும் நாளுக்கு முன் விற்பனை முடிந்தால் அந்த 13,842க்காக நகையில் கைவைக்க வேண்டியதில்லை. முடியாமல் போனால் அந்த ஒரு தவணையைக் கணவரின் கூலியிலிருந்தோ இடியப்பக் காசிலிருந்தோ சமாளியுங்கள், அடகுக் கவுண்டருக்கு அதற்காகப் போக வேண்டாம்.